நடுநிலையாக்கல் வெப்பம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

ஒவ்வொரு ஆண்டும் இந்தச் சோதனை நடக்கும் வாரத்தில் லேபில் ஒரே குரல்தான் கேட்கும்: "சார், 57.3 வரலை சார்." அமிலமும் காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பம் 57.3 கிலோஜூல் என்று புத்தகத்தில் இருக்கும், அதைத்தான் சொல்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பீக்கரில், சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு பீக்கரில், நடுவில் தெர்மாகோல் கப். பத்து நிமிட வேலைதான். ஆனால் ஒருவருக்கு 44 வரும், பக்கத்து மேஜைக்காரருக்கு 69 வரும். திரும்பத் திரும்ப அதே கோளாறுகளைத் தேடித் தேடி, எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று எனக்கு ஒரு வரிசை அமைந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லா அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எண்களுக்கு ஒரே கணக்கைப் பிடித்துக்கொள்வோம்: 1.00 மோலார் அமிலம் 50 மி.லி., காரம் 50 மி.லி. இப்படி எடுத்தால் வெப்பநிலை சுமார் 6 டிகிரிக்குச் சற்று மேல் ஏற வேண்டும். கால் டிகிரி தவறினால் விடையில் இரண்டு கிலோஜூல் போய்விடும்.

தேடுவதற்கு முன்: 57.3 வராதது கோளாறு அல்ல

புத்தகத்தில் உள்ள 57.3 கிலோஜூல், 18 டிகிரி செல்சியஸை ஒட்டிய பழைய அளவு. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் இந்த மதிப்பு சுமார் 0.22 கிலோஜூல் குறையும். 25 டிகிரியில் மிக நீர்த்த கரைசலுக்கு 55.8, மின்விசிறி சுழலும் நம் லேபின் 32 டிகிரியில் 54.3 தான். 1 மோலார் கரைசல் அவ்வளவு நீர்த்தது இல்லை. கலக்கும்போது அமிலம் மேலும் நீர்க்கும் வெப்பமும் சேர்ந்துகொள்வதால் ஒன்றரை கிலோஜூல் போல ஏறும். ஆகவே நம் ஊர் வெப்பத்தில் 54 முதல் 57 வரை எது வந்தாலும் உங்கள் வேலை நல்ல வேலை. அதை அழித்துவிட்டு 57.3 என்று எழுதாதீர்கள். ரீடிங்கைச் சமைத்தால் கோளாறு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, என்னாலும்தான்.

## அறிகுறி 1: விடை 52-ஐத் தாண்டவே இல்லை

பத்தில் ஏழு பேர் கொண்டுவரும் புகார் இதுதான். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள், தாண்டிப் போக வேண்டாம்.

உச்ச ரீடிங்கை மட்டும் எடுத்தீர்களா?

பெரும்பாலும் கோளாறு இங்கேயே முடிந்துவிடும். கலந்த பிறகு தெர்மாமீட்டர் ஏறி முடிக்க அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகிறது. அதற்குள் கப் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணில் படும் உச்சம் உண்மையான உச்சம் அல்ல.

ஒரு மாணவியின் நோட்டில் இருந்த ரீடிங் இது. முதல் ஐந்து நிமிடமும் 30.0. ஐந்தாவது நிமிடம் கலந்தார். ஆறாவது நிமிடம் 36.1, ஏழில் 35.9, எட்டில் 35.7, ஒன்பதில் 35.5, பத்தில் 35.3. நிமிடத்துக்கு 0.2 சீராக இறங்குகிறது. வரைபடத் தாளில் அந்த இறங்குகோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி ஐந்தாவது நிமிடம் வரை நீட்டினால் 36.3. உண்மையான ஏற்றம் 6.3 டிகிரி. அவர் எழுதியிருந்ததோ 6.1.

செய்ய வேண்டியது: கலப்பதற்கு முன் ஐந்து நிமிடம், பின் குறைந்தது ஐந்து நிமிடம், அரை நிமிடத்துக்கு ஒரு ரீடிங். கலக்கும் நிமிடத்தில் ரீடிங் வேண்டாம், கை வேலையைக் கவனியுங்கள்.

கலோரிமீட்டர் மாறிலியைச் சேர்த்தீர்களா?

அதே மாணவியின் கணக்கைத் தொடர்வோம். கரைசல் 100 மி.லி.க்கு டிகிரிக்கு 418 ஜூல். உருவாகும் நீர் 0.05 மோல், மொத்த வெப்பத்தை அதால் வகுக்க வேண்டும். கப், கலக்கி, தெர்மாமீட்டர் முனை எல்லாம் சேர்ந்து ஒரு டிகிரி சூடேற எடுத்துக்கொள்ளும் வெப்பம்தான் கலோரிமீட்டர் மாறிலி, அது 25 ஜூல் என்று முன்பே கண்டிருந்தார். மாறிலியை மறந்து 6.1-ஐ வைத்தால் 51.0 கிலோஜூல் வருகிறது. மாறிலியைச் சேர்த்தால் 54.0. மாறிலியோடு 6.3-ஐ வைத்தால் 55.8. ஒரு பொருளும் மாற்றாமல், காகிதத்திலேயே ஏறக்குறைய ஐந்து கிலோஜூல் திரும்பக் கிடைத்துவிட்டது.

விசிறி, மூடி, ஊற்றும் வேகம்

தலைக்கு மேலே விசிறி ஓடினால் அந்த மேஜையின் விடை மட்டும் குறையும். நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை, பதினைந்து நிமிடம்தான். கப்புக்கு மூடி வேண்டும். தெர்மாகோல் தட்டில் இரண்டு துளை போட்டாலே போதும். கப்பை ஒரு பெரிய பீக்கருக்குள் இறக்கி வையுங்கள், கவிழாது, காற்றும் படாது. காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடாமல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள்.

பீக்கரின் அடியில் எவ்வளவு தங்கியது?

ஊற்றிய பீக்கரைச் சாய்த்துப் பாருங்கள். அரை மி.லி. ஒட்டியிருக்கும். அது அமிலமாக இருந்தால் விடையில் ஒரு விழுக்காடு போச்சு. இதற்கு நான் வைத்திருக்கும் வழி: அமிலத்தைப் பிப்பெட்டால் நேராகக் கப்புக்குள்ளேயே விட்டுவிடுங்கள். காரத்தை 1.06 மோலார் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தயாரித்து, அதைப் பீக்கரிலிருந்து ஊற்றுங்கள். வினையின் அளவைத் தீர்மானிப்பது அமிலம் மட்டும். காரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாலும் பாதகமில்லை. முடிந்ததும் கப்பில் ஒரு சொட்டு பினாப்தலீன் விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் அமிலம் முழுவதும் தீர்ந்தது என்று உறுதி. நிறம் வராவிட்டால் காரம்தான் பற்றவில்லை, அடுத்த கிளைக்குப் போங்கள்.

காரம் சொன்ன அளவு இருக்கிறதா?

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையைத் தராசில் வைத்து 40 கிராம் எடைபோட்டதால் 1 மோலார் ஆகிவிடாது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்த நேரத்துக்குள் வில்லை பளபளவென்று ஈரம் கட்டும். எடையில் ஒரு பகுதி தண்ணீர். செறிவு தெரிந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலுக்கு எதிராகத் தரம் பார்த்துத்தான் (நிறங்காட்டி வைத்து, அதைத் தீர்க்க எவ்வளவு காரம் ஆகிறது என்று அளந்துதான்) எண்ணை எழுத வேண்டும்.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத எதிரி கார்பனேட். பாட்டில் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால் காரத்தில் ஒரு பங்கு சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். மெத்தில் ஆரஞ்சு வைத்துத் தரம் பார்த்தால் அதையும் காரமாகவே எண்ணிக்கொள்ளும், எண் சரியாகத் தெரியும். ஆனால் கார்பனேட் அமிலத்தோடு சேரும்போது வெளிவிடும் வெப்பம், அதே அளவு ஹைட்ராக்சைடு தருவதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. காரத்தில் பத்தில் ஒரு பங்கு கார்பனேட்டாக இருந்தால் விடை எட்டு விழுக்காடு சரியும்.

சோதிக்கும் முறை: அதே காரத்தைப் பினாப்தலீன் வைத்து ஒரு முறை, மெத்தில் ஆரஞ்சு வைத்து ஒரு முறை தரம் பாருங்கள். இரண்டு அளவுகளும் விலகினால் கார்பனேட் இருக்கிறது. இன்னும் சுலபமாக, சிறிது பேரியம் குளோரைடு விட்டால் பால் போலக் கலங்கும். கொஞ்சமாக இருந்தால் மேலே சொன்ன 1.06 மோலார் முறையே காப்பாற்றும். ஹைட்ராக்சைடு மிச்சமிருக்கும்வரை அமிலம் கார்பனேட்டிடம் போகாது. நிறைய இருந்தால் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய நீரில் புதிதாகத் தயாரியுங்கள்.

தெர்மாஸ் குடுவை என்றால்

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும், இறங்குகோடு மட்டும் செங்குத்தாக விழுகிறதா? வெந்நீர் ஊற்றி மூடி, கால் மணி கழித்து வெளிச்சுவரில் கை வையுங்கள். வெதுவெதுப்பாகத் தெரிந்தால் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் போய்விட்டது. அடியில் உள்ள சிறு கண்ணாடி முனை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, புதுக் குடுவைதான் வாங்க வேண்டும். அதுவரை இரண்டு தெர்மாகோல் கப்பை ஒன்றுக்குள் ஒன்று வைத்து வேலையை நடத்தலாம். நான் அப்படி ஒரு பருவம் முழுவதும் ஓட்டியிருக்கிறேன், விடையில் குறை வரவில்லை.

## அறிகுறி 2: விடை 60-ஐத் தாண்டி 65, 70 என்று போகிறது

காரம் ஆறியிருக்கிறதா? ஒரு லிட்டரில் 40 கிராம் வில்லை கரையும்போதே கரைசல் பத்து டிகிரிக்கு மேல் சூடாகும். காலையில் கரைத்து அடுத்த மணியில் எடுத்தால் 33-இல் இருக்கும், அமிலம் 30-இல் இருக்கும். அமிலத்தின் 30-ஐ மட்டும் தொடக்கமாக எழுதினால் ஒன்றரை டிகிரி இனாமாகச் சேர்ந்து 55 என்பது 68 ஆகிவிடும். முந்தின நாளே கரைத்து வையுங்கள். இரண்டு பாட்டிலையும் ஒரே மேஜையில், ஒரே நிழலில் வையுங்கள். அப்படியும் கால் டிகிரி வித்தியாசம் இருந்தால் சராசரியைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் காத்திருங்கள்.

ஒரே தெர்மாமீட்டர்தானா? அமிலத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று முதலில் ஒரே நீரில் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பயன்படுத்துவது இன்னும் நல்லது, ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துவிட்டு.

அமிலம் எது? கந்தக அமிலம் என்றால் ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் நீர் உருவாகும். எந்த மோலுக்குக் கணக்கு என்று பாருங்கள். நீருக்கே கணக்குப் போட்டாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிடச் சில கிலோஜூல் கூடுதலாகவே வரும். அதன் இரண்டாவது ஹைட்ரஜன் பிரியும்போது வெளிவரும் வெப்பமும் உள்ளே இருக்கிறது. அது கோளாறு அல்ல.

அடர்த்தியை மட்டும் திருத்தினீர்களா? உப்புக் கரைசல் என்பதால் அடர்த்தியை 1.02 என்று போட்டு, தன்வெப்பத்தை நீரின் 4.18 ஆகவே விட்டுவிடுவார்கள். உப்புச் சேர்ந்தால் அடர்த்தி ஏறும், தன்வெப்பம் இறங்கும். அடர்த்தியை மட்டும் திருத்தினால் விடை இரண்டு விழுக்காடு ஏறும். இரண்டையும் திருத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் நீருக்குரியதாகவே விடுங்கள்.

கலோரிமீட்டர் எதனால் ஆனது? ஒரு முறை ஒரு குழுவின் விடை ஒவ்வொரு முறையும் 70-ஐத் தாண்டியது. காரத்தைத்தான் முதலில் கலோரிமீட்டரில் விட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன், சுவர் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ். இயற்பியல் லேபிலிருந்து அலுமினியக் கலோரிமீட்டரை இரவல் வாங்கியிருந்தார்கள். அலுமினியம் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் வெப்பத்தையும் விடும். உடனே கொட்டிக் கழுவுங்கள், பக்கத்தில் பர்னர் எரிந்தால் அணையுங்கள். துத்தநாகம் பூசிய கம்பிக் கலக்கிக்கும் இதே கதைதான், அது அமிலத்தில் குமிழ் விடும். கண்ணாடிக் கம்பியோ பிளாஸ்டிக்கோ போதும்.

## அறிகுறி 3: கலோரிமீட்டர் மாறிலி எதிர்க்குறியில் வருகிறது, அல்லது ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

வெந்நீர், தண்ணீர் கலந்து மாறிலி காணும் முறையில் இது சகஜம். பலர் வெட்கப்பட்டுக் குறியை மட்டும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். வேண்டாம், இது உங்களுக்கு ஒரு தகவல் சொல்கிறது.

முறை ஏன் இவ்வளவு நொய்மையானது என்று ஒரு கணக்கில் பாருங்கள். கப்பில் 30.0 டிகிரியில் 50 கிராம் நீர். வெந்நீர் 52.0-இல் 50 கிராம். கலந்த பின் 40.4. வெந்நீர் இழந்த வெப்பத்தில் தண்ணீர் பெற்றது போக மீதியைக் கப் பெற்றது. அதைக் கப் ஏறிய 10.4 டிகிரியால் வகுத்தால் மாறிலி 24 ஜூல். ஆனால் பீக்கரில் 52.0 என்று பார்த்துவிட்டு, எடுத்து வந்து ஊற்றுவதற்குள் வெந்நீர் ஒரு டிகிரி ஆறியிருந்தால்? உண்மையான மாறிலி வெறும் 4 ஜூல். ஒரே ஒரு டிகிரி, ஆறு மடங்கு வித்தியாசம்.

எதிர்க்குறி வந்தால், கப்பில் முதலில் இருந்தது எது? சூத்திரம், கப்பில் தண்ணீர் இருந்ததாக எண்ணி எழுதப்பட்டது. நீங்கள் வெந்நீரைக் கப்பில் வைத்துத் தண்ணீரை ஊற்றியிருந்தால் கப்பும் வெந்நீரோடு சேர்ந்து வெப்பம் இழக்கும். அப்போது எதிர்க்குறி வருவது நியாயமே. சூத்திரத்தில் கப்பை வெந்நீர் பக்கம் மாற்றுங்கள்.

அது சரியாக இருந்தும் எதிர்க்குறியா? கலந்த வெப்பநிலை 41.3 என்று, இரண்டின் நடுவான 41.0-க்கு மேலே வந்திருக்கும். அப்படியானால் வெந்நீர் அதிகம், அல்லது தண்ணீர் குறைவு, அல்லது இரண்டு தெர்மாமீட்டர்கள். அளவு ஜாடியை விட்டுவிட்டுத் தராசில் எடைபோடுங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால் வெந்நீரை 52 வரை சூடாக்க வேண்டாம். 40 போதும், பயணத்தில் ஆறுவது குறையும். அதோடு இங்கேயும் நேர வரைபடம் போட்டுப் பின்னோக்கி நீட்டுங்கள். வெந்நீருக்கும் ஆறும் கோடு போட்டு, ஊற்றும் நொடி வரை முன்னோக்கி நீட்டுங்கள்.

இதுவும் ஒத்துவராவிட்டால் மின்சூடேற்றி. ஒரு நைக்ரோம் சுருளைக் கப்பில் உள்ள 100 மி.லி. நீரில் மூழ்கடித்து 6 வோல்ட், 2 ஆம்பியர், 4 நிமிடம் ஓட்டினால் 2880 ஜூல். நம் வினை தரும் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு. இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. வோல்ட்டேஜைப் பவர் சப்ளையின் முகப்பில் பார்க்காமல் சுருளின் இரு முனையில் பாருங்கள், வயரில் கொஞ்சம் போய்விடும். மீட்டர்கள் மேலேயே சந்தேகம் வந்தால் இயற்பியல் துறைக்காரரைக் கூப்பிடுங்கள். அவர்கள் அரை மணியில் சொல்லிவிடுவார்கள்.

விலை உயர்ந்த கரைசல் கலோரிமீட்டர் வைத்திருப்பவர்கள் 'டிரிஸ்' எனப்படும் காரத்தைக் கரைத்துப் பாருங்கள். 25 டிகிரியில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு கிராமுக்கு 245.8 ஜூல் வெளிவிட வேண்டும். தூய, உலர்ந்த டிரிஸ்ஸை வைத்து இரண்டு முறை செய்தும் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் விலகினால் திருகாணியைத் தொடாதீர்கள், சர்வீஸ் இன்ஜினியரை அழையுங்கள்.

## அறிகுறி 4: வெப்பநிலை நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது

கலந்து இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் ஏறினால் வெளியிலிருந்து வெப்பம் வருகிறது, அல்லது உள்ளே இன்னும் கலந்து முடியவில்லை.

காந்தக் கலக்கியின் தட்டைத் தொட்டுப் பாருங்கள். முந்தைய பேட்ச் சூடாக்கிவிட்டுப் போயிருக்கும், சூடேற்றும் திருகு பூஜ்ஜியத்தில் இருந்தாலும் தட்டு ஆறியிருக்காது. ஜன்னல் வெயில் மேஜையில் விழுகிறதா பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் கப்பின் அடியைப் பாருங்கள்: கரையாத வில்லைத் துண்டு பாட்டிலிலிருந்து வந்து கிடக்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் கப்பில் வெறும் நீரை விட்டு, கலக்கியபடி பத்து நிமிடம் பாருங்கள். அப்போதும் ஏறினால் டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் சந்தேகியுங்கள். பேட்டரியை மாற்றுங்கள். நன்றாக நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்ததில் முனையை வைத்தால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அரை டிகிரி விலகி, நிலையாகவும் நிற்காவிட்டால் அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

## அறிகுறி 5: பெக்மன் தெர்மாமீட்டரில் பாதரசம் மேலே போய் முட்டிக்கொண்டது

அதன் அளவு மொத்தமே ஐந்தாறு டிகிரிதான். 1 மோலார் கரைசலின் ஏற்றம் அதற்குள் அடங்காது. கரைசல்களை 0.5 மோலாருக்கு நீர்த்துக்கொள்ளுங்கள், ஏற்றம் பாதியாகும், நூறில் ஒரு பங்கு டிகிரி படிக்கும் கருவிக்கு அது தாராளம். பாதரச நூல் நடுவில் அறுந்திருந்தால் மாணவர்கள் தட்டிப் பார்க்கக் கூடாது, பழகிய கை வேண்டும். உடைந்துவிட்டால் சோதனை அத்தோடு நின்றது. விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, உருண்டைகள் இன்னும் பொடியாகும். லேப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: அசிட்டிக் அமிலத்துக்கும் அதே விடை வருகிறது

"வீரியம் குறைந்த அமிலம், அயனியாகப் பிரிய வெப்பம் செலவாகும், அதனால் விடை குறைய வேண்டும்." எல்லா ரெக்கார்டு நோட்டிலும் இந்த வாக்கியம் இருக்கும். இதை நம்பித் தங்கள் 55.6-ஐ அழித்து 52 என்று எழுதிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அழித்த தடத்துக்குக் கீழே சரியான விடை தெரியும். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

25 டிகிரியில் அசிட்டிக் அமிலம் அயனியாகப் பிரியும் வெப்பம் ஏறக்குறைய பூஜ்ஜியம், அரைக் கிலோஜூலுக்கும் குறைவு. நம் கப்பும் தெர்மாமீட்டரும் அந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டாது. ஒரே விடை வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

மாறாக அசிட்டிக் அமிலத்துக்கு 48, 49 என்று வந்தால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். முதலில் அமிலத்தின் செறிவைத் தரம் பாருங்கள், பாட்டில் லேபிளை நம்ப வேண்டாம்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் அம்மோனியாவை எடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு 25 டிகிரியில் 52.2 கிலோஜூல். அதற்கும் வெகுவாகக் கீழே போனால் பாட்டிலைத் திறந்து மூடியதில் அம்மோனியா பறந்துவிட்டிருக்கும். அன்றைக்கே தரம் பார்த்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள். போரிக் அமிலம் இன்னும் தெளிவு: பிரியவே 14 கிலோஜூல் போல எடுத்துக்கொள்வதால் சோடியம் ஹைட்ராக்சைடோடு 42-ஐ ஒட்டி நிற்கும். அது நன்றாகக் கரையாது என்பதால் 0.5 மோலாருக்கு மேல் முயல வேண்டாம். கரைக்கச் சூடாக்கினால் அறை வெப்பத்துக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

நோட்டில் எழுதும்போது விடைக்குப் பக்கத்தில் மூன்று எண் கட்டாயம் வேண்டும்: அறை வெப்பநிலை, தரம் பார்த்த செறிவு, கலோரிமீட்டர் மாறிலி. இந்த மூன்றும் இருந்தால் அடுத்த வாரம் வந்துகூட உங்கள் 49 எங்கே வழி தவறியது என்று உட்கார்ந்து தேடலாம்.